துணி இழுத்தவன்

ஹியர்ஃபோர்டு பக்கம், குளிர்காலச் சனிக்கிழமைகளில்,
நாளொன்றுக்கு நாற்பது பவுண்டுக்கு
நான் நரியாக இருந்தேன்.

வேலை சுலபம்.
ஒரு பழைய சாக்குத் துணி, ஒரு கயிறு,
பிளாஸ்டிக் பாட்டிலில் நரி மூத்திரம்.
விடியுமுன் நனைத்து, உழுத வயலில் இழுத்து,
வேலி தாண்டி, ஓடை தாண்டி, தோப்பு வரைக்கும்.
அரை மணி கழித்து நாய்களை அவிழ்ப்பார்கள்.
முப்பது பரிகளுக்கு முன்னே
ஒற்றை நரியாய் ஓடியிருக்கிறேன்,
ரப்பர் பூட்ஸில்.

நாய்கள் வந்து என்னைப் பிடித்ததும்
பையிலிருந்து பிஸ்கட் எடுத்துப் போடுவேன்.
பிடிபட்ட நரி விருந்து வைக்கிற ஊர்.
சட்டம் வந்தபின் வேட்டை இப்படித்தான், என்றார் பிராசர்.
எல்லாம் பாவனை. ரத்தம் கிடையாது.

பிராசரைக் கெட்டவர் என்று சொல்லச் சொன்னால்
என்னால் ஆகாது.
எழுபத்தாறு நாய்களுக்கும் பெயர் தெரியும்,
இருட்டில், குரலை வைத்து.
கன்று செத்த பண்ணைக்கு லாரி ஓட்டிப் போவார்,
காசு வாங்காமல் தூக்கிவந்து
நாய்களுக்கு அறுத்து வைப்பார்.
என் அப்பா அவரிடம் வளை அடைக்கிறவராக இருந்தார்:
வேட்டைக்கு முந்தின இரவு
நரி இரைதேடிப் போன நேரம் பார்த்து
அதன் வாசலை மண்ணால் மூடுகிற வேலை.
திரும்பி வந்தால் வீடு இருக்காது.
இதை அப்பா சொல்வது
பால் கணக்குச் சொல்வது போலிருக்கும்.

ஊரில் ஒரே ஒரு பப்.
சட்டம் வந்த வருஷம் அதன் நடுவே
கண்ணுக்குத் தெரியாமல் ஒரு முள்வேலி முளைத்தது.
லாடம் அடிக்கிற டெக்ஸ்டர் ஜன்னல் பக்கம்.
அவன் தங்கை அடுப்புப் பக்கம்.
கிறிஸ்துமஸுக்கும் இடம் மாறவில்லை.

கேமராவோடு வருகிறவள் இமோஜன் ஸ்கெர்ம்.
அவளுடைய பதினோரு வாத்துகளைப்
போன வசந்தத்தில் நரி ஒரே இரவில் கொன்றது.
தின்றது ஒன்று. மற்றவை சும்மா.
இப்போதாவது புரிகிறதா என்று ஊரே கேட்டது.
பத்தையும் புதைத்துவிட்டு
அடுத்த சனிக்கிழமையும் வந்து நின்றாள், மழையில்,
எங்கள் கேட்டுக்கு எதிரே.
“என் வாத்துக்கு நான் அழுதாயிற்று.
அதற்காக நாற்பது பேர்
சிவப்புக் கோட்டு மாட்ட வேண்டாம்.”
அவளுக்கு நரி பிடிக்கும் என்றும் நான் நினைக்கவில்லை.

அன்றைக்குக் காலையில் உறைபனி.
பாட்டில் காலி.
“சும்மா இழுத்துக்கொண்டு நட.
கேமராவில் விழுந்தால் போதும்,” என்றார் பிராசர்.
நடந்தேன்.
காய்ந்த துணி கயிற்றின் முனையில்
பனிப்புல்மேல் சரசரவென்று வந்தது.

நாய்கள் என் பக்கம் வரவில்லை.
ஓடைக்கு அந்தப் புறம், சரிவில்,
அவற்றின் குரல் மாறியது.
நாயே வளர்க்காதவனுக்கும் புரியும் அந்த மாற்றம்.
ஆறு வருஷத்தில்
எனக்காக அவை ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை.

கோர்ட்டில் வரைபடம் கொடுத்து, பேனா கொடுத்து
நான் போன வழியைக் கோடு போடச் சொன்னார்கள்.
நரி இடம் போனதா, வலம் போனதா, என்றார் வக்கீல்.
மேலே விழுந்து பிடுங்காமல் போனது ஐயா, என்றேன்.
பின்வரிசை சிரித்தது.
பிராசர் சிரிக்கவில்லை. இமோஜனும்.

அப்புறம் அந்தக் கேள்வி.
துணி ஈரமாக இருந்ததா?

தண்ணீர் கிளாஸை எடுத்தேன்.
வினிகர் போட்டுத் தேய்த்தும் போகாத வாடை
கையில்.
ஜன்னலுக்கு வெளியே பிராசரின் லாரி நின்றது,
அதில்தான் வந்திருந்தேன்.
அதில்தான் திரும்பிப் போக வேண்டும்.

இரவெல்லாம் அலைந்துவிட்டு
புதுமண் வாசனை அடிக்கிற வாசலில்
மூக்கை வைத்து நிற்குமே,
அப்படி நின்றேன்.

சொன்னேன்.
சத்தமாகச் சொல்லுங்கள் என்றார்கள்.